ஒரே கூடத்தில் மூன்று காலங்கள்

இன்ஸ்டாகிராமில் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பட்டியல் கண்ணில் பட்டுவிடுகிறது. 'நைன்ட்டீஸ் கிட்ஸுக்கு மட்டும்தான் தெரியும்' என்று தொடங்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். ஞாயிற்றுக்கிழமை சக்திமான். மொட்டை மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "இப்பத் தெரியுதா?" என்று கத்தும் அண்ணன். ஷார்ஜாவில் மணல் புயல் ஓய்ந்த பிறகு சச்சின் அடித்த அடி. தேன்மிட்டாய், பம்பரம், கோலிக்குண்டு. கடைசியில் ஒரு திண்ணை. அதில் ஒரு தாத்தா, ஒரு பாட்டி.

எனக்கும் இது பிடிக்கும். பார்த்ததும் உடனே யாருக்காவது அனுப்பத் தோன்றும். ஆனால் அந்தக் கடைசி வரி கொஞ்ச நாளாக உறுத்துகிறது. பம்பரத்துக்கும் தேன்மிட்டாய்க்கும் பக்கத்தில் ஏன் இரண்டு மனிதர்களை உட்காரவைத்திருக்கிறோம்? பம்பரத்துக்கென்று ஒரு கடந்த காலம் கிடையாது. தாத்தாவுக்கு இருந்தது. நாம் அவர் மடியில் உட்கார்ந்து டிவி பார்த்த அதே சாயங்காலத்தில் அவரும் எதையோ நினைத்து ஏங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். 'அந்தக் காலம் நல்லா இருந்துச்சு' என்று சொல்லும்போது, யாருக்கு நல்லா இருந்துச்சு என்று கேட்கும் கடமை நமக்கு உண்டா? ஏக்கத்தில்கூட நியாயம் அநியாயம் என்று ஏதாவது இருக்கிறதா?

நாஸ்டால்ஜியா என்ற சொல்லுக்கு வயது முந்நூற்றுச் சொச்சம். 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்கிற மருத்துவ மாணவர் பாசல் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து அதை உண்டாக்கினார். ஊரைவிட்டுத் தூரத்தில் இருப்பவர்களுக்கு வரும் நோய் என்றுதான் அதைக் கருதினார். அந்த நோய்க்கு மருந்து எளிது. ஆளை ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும். பிற்பாடு அந்த ஏக்கம் இடத்தை விட்டுக் காலத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. காலத்துக்கு பஸ் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊருக்குத் திரும்பிப் போகிறவன் அங்கே மற்றவர்களைப் பார்த்தே ஆகவேண்டும். "அப்படியா சொல்ற? நடந்தது வேறல்ல" என்று பக்கத்து வீட்டு அத்தை நம் கதையைத் திருத்துவார். கடந்த காலத்துக்குள் போகிறவனைத் திருத்த அங்கே ஆள் இல்லை. தாத்தாவும் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாம் சொல்வதுதான் வரலாறு என்றாகிவிடுகிறது.

*

என் தாத்தாவுக்கு கிரிக்கெட் பிடிக்காது.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் ஞாபகம் வரும். உள்ளூரில் கேட்டால் ஹாக்கி என்பார்கள். தண்ணீருக்கே தவித்த ஒரு கரிசல் ஊரில் அந்த ஆட்டம் எப்படி வேர்பிடித்தது என்பது ஆச்சரியம்தான். தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் மட்டையோடு திரிந்த ஊர். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்க ஊர்ப் பையன்தான். தாத்தா மில்லில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்காமல் கிரவுண்டுக்குப் போன ஆள் என்று ஆச்சி குறைபட்டுக்கொள்வாள். உள்ளூர் ஆசாரி செதுக்கிக் கொடுத்த மட்டை ஒன்றைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். அதை நாங்கள் கிரிக்கெட் பேட்டாக எடுத்துவிடக் கூடாது என்பது வீட்டின் சட்டம்.

அவருடைய ஆட்டம் எப்படிக் கை நழுவியது என்பதை, சொத்து போன கதையைச் சொல்வது போலத் தேதிவாரியாகச் சொல்வார். 1975இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை ஜெயித்து உலகக் கோப்பை. அடுத்த வருஷமே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரையை எடுத்துவிட்டு செயற்கைத் தரையை விரித்தார்கள். ஒலிம்பிக் ஹாக்கியில் அதுதான் முதல் முறை. இந்தியாவுக்கு ஏழாவது இடம். புல்லிலும் மண்ணிலும் பந்து துள்ளும், திரும்பும். அதை மட்டையால் அடக்கிக் கொண்டுபோவது ஒரு கலை. செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே வேகத்துக்கும் ஓடும் தெம்புக்கும்தான் மதிப்பு. அந்தத் தரையைப் போடும் செலவோ ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தால் நினைத்துப் பார்க்க முடியாதது. 1980 மாஸ்கோவில் நம்ம பாஸ்கரன் தலைமையில் தங்கம் கிடைத்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு பதக்கம் வர 41 வருஷம் ஆனது.

பிறகு 1982. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் இந்தியாவுக்கு கலர் டிவி வந்தது. அதே போட்டியின் ஹாக்கி ஃபைனலில் பாகிஸ்தானிடம் 1-7 என்று இந்தியா தோற்றது. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகியை துரோகி என்றே பேசினார்கள். ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் கபில்தேவ் கையில் கோப்பை. தாத்தா அந்த ஹாக்கி ஃபைனலை ரேடியோவில்தான் கேட்டார். ஆனாலும், "எங்க ஆட்டம் சாவுறதக் கலர்ல காட்டத்தாம்ல டிவி வந்துச்சு" என்பார்.

ஆக, 1998இல் எட்டு வயதுப் பையனாக நான் எங்கள் வீட்டுக் கூடத்தில் சச்சினுக்காகக் குதித்துக்கொண்டிருந்தபோது, என் பின்னால் நாற்காலியில் இருந்தவர் வேறொரு காலத்தில் இருந்தார். எனக்கு அது விடியல். அவருக்கு அது எல்லாம் முடிந்த பிறகான பொழுது. அவருடைய ஆட்டத்தைத் தின்று வளர்ந்த ஆட்டத்துக்குத்தான் அவருடைய பேரன் கைதட்டிக்கொண்டிருந்தான். அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எல்பிடபிள்யூ என்றால் என்ன என்று என்னிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார்.

நான் அவரோடு சேர்ந்து பார்த்த ஆட்டங்களில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கம் டெஸ்டின் நாலாம் நாள். பாகிஸ்தான் இங்கே ஆடவே கூடாது என்று டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்த சமயம். ஜெயிக்க 271 வேண்டும். 82க்கு 5 விக்கெட் போயாச்சு. சச்சின் முதுகு வலியோடு நின்று 136 அடித்தார். இன்னும் 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக் பந்தில் அவுட். மிச்சம் இருந்த மூன்று விக்கெட்டும் நாலு ரன்னில் விழுந்தன. 12 ரன் வித்தியாசத்தில் தோல்வி. நான் தரையில் படுத்து அழுதேன். அப்போதுதான் அது நடந்தது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது.

தாத்தா என்னைத் தூக்கி உட்காரவைத்து, "அழுவாத, அங்க பாரு. தோத்தும் சனம் எந்திரிச்சு நிக்கு பாத்தியா? இதாம்ல வெளாட்டு" என்றார்.

அவர் கிரிக்கெட்டைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். 1982இல் தோற்றவர்களைத் துரோகி என்று ஏசியதைக் கேட்ட மனுஷன் அவர். அந்தக் கைதட்டல் அவர் காதில் எங்கே போய் விழுந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் ஓரளவு புரிகிறது.

*

அதே கூடத்தில் ஆச்சியும் இருந்தாள். கொஞ்சம் ஓரமாக, சுவரில் சாய்ந்து, மடியில் தீப்பெட்டி அட்டைகளோடு. எங்கள் பக்கம் அப்போது பல வீடுகளில் பெண்கள் பெட்டி ஒட்டினார்கள். பசைக்கிண்ணத்தைப் பார்க்காமலேயே அவள் விரல் அதற்குள் போய் வரும்.

எங்கள் தலைமுறையின் நினைவுக் கட்டுரைகளில் ஒரு வினோதமான படிநிலை உண்டு. கிரிக்கெட் என்றால் காவியம். மர்மதேசம் என்றால் மரியாதை. பெண்கள் பார்த்த மெகா சீரியல் என்றால் மட்டும் கேலி. 1999 கடைசியில் 'சித்தி' தொடங்கியது. அந்தத் தலைப்புப் பாடல் கேட்டால் தெரு முழுக்க வீட்டுக்குள் போய்விடும். நாட்டை ஸ்தம்பிக்க வைத்தது என்று ஒரு ஒருநாள் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறோம். தினமும் தெருவை ஸ்தம்பிக்க வைத்ததை 'அழுகாச்சி சீரியல்' என்று ஒதுக்குகிறோம். யாருடைய ஏக்கம் இலக்கியம், யாருடைய ஏக்கம் ஜோக் என்பதை யார் முடிவு செய்தது?

காலேஜில் படிக்கும்போது ஒரு லீவில் ஆச்சியிடம் கேட்டேன். "ஆச்சி, உங்க சின்ன வயசு காலம் நல்லா இருந்திருக்கும்ல? டிவி, ஃபோன் ஒண்ணும் இல்லாம?" கிணறு, தோப்பு, நிலாச்சோறு என்று ஏதாவது வரும் என்று நான் எதிர்பார்த்தேன்.

"என்னத்த நல்லா இருந்துச்சு?" என்றாள். "விடியக்கருக்கல்ல கொடத்தத் தூக்கிட்டுப் போனா, வெயில் ஏறுறவரைக்கும் தண்ணிக்கே சரியாப் போவும். ஒங்க தாத்தா பந்தடிக்கப் போயிருவாரு. எனக்குப் பந்து ஏது? பைப்பு வந்து, கேஸு வந்து, இந்த டிவியும் வந்தப்புறம்தாம்யா நான் உக்காந்தேன். கை ஒட்டிக்கிட்டுக் கெடந்தாலும் மனசு எங்கயாச்சும் போயிட்டு வருமில்ல?"

கொஞ்ச நேரம் கழித்து, "சிலோன் ரேடியோ மட்டும் நல்லா இருந்துச்சு. மயில்வாகனன் பேசுவாரு. அந்தக் குரலு" என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

இதைக் கேட்ட பிறகு அந்தக் கூடத்தைப் பழைய மாதிரி நினைக்க முடியவில்லை. ஒரே டிவி, ஒரே சாயங்காலம். தாத்தாவுக்கு அது அவருடைய உலகம் முடிந்த பிறகு வந்த பொழுது. ஆச்சிக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைத்த ஓய்வு. எனக்குத் தொடக்கம். மூன்று பேர் மூன்று காலத்தில் உட்கார்ந்திருந்தோம். என் நாஸ்டால்ஜியா இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் அதற்குப் பின்னணியாக வைத்துவிடுகிறது.

கூடத்துக்கு வெளியே நாலாவதாக ஒரு காலமும் இருந்தது. 'ஒரே டிவியைத் தெருவே சேர்ந்து பார்த்தோம், அந்த ஒற்றுமை இப்ப இல்ல' என்பது பட்டியல்களில் தவறாமல் வரும் வரி. எங்கள் வீட்டிலும் தெருவே பார்த்தது. ஆனால் சில பேர் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள், சில பேர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்று பார்த்தார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பதற்கு யாரும் யாருக்கும் காரணம் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஜன்னலில் நின்ற பையன்களில் ஒருவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், அடிக்கடி பேசுவோம். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுத்தது நினைவிருக்கும். அது தன் வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா டிவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததைச் சொன்னான். "அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே டிவி பாத்தேன்டா" என்றான். அவனுடைய பொற்காலம் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வீடு டிவி வந்துதான் ஒற்றுமை போச்சு என்று நாம் புலம்பும் அதே புள்ளியில்.

*

இதற்கெல்லாம் மறுப்பு சொல்லலாம். எனக்கே இரண்டு தோன்றுகின்றன.

முதல் மறுப்பு: எட்டு வயதுப் பையனிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா? குழந்தையின் நினைவு குழந்தையைச் சுற்றித்தானே இருக்கும்? சரிதான். வீடே தனக்காகத்தான் சுற்றுகிறது என்று நம்பும் உரிமை குழந்தைக்கு உண்டு. தாத்தாவும் ஆச்சியும் விரும்பித்தான் அந்த உரிமையை எனக்குக் கொடுத்தார்கள். ஆனால் நினைவு வருவது வேறு, அதைச் சொல்வது வேறு. நினைவு எட்டு வயதில் பதிந்தது. சொல்கிறவனுக்கு முப்பத்தைந்து வயது. எது ஞாபகத்துக்கு வர வேண்டும் என்பது நம் கையில் இல்லை. அதை எப்படிச் சொல்கிறோம், யாரை நடுவில் வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நியாயம் அநியாயம் என்கிற பேச்சு அந்த இடத்தில்தான் வருகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. 'வேலைக்கு நடுவில் ஒரு பழைய நினைவு, ஒரு சின்ன சந்தோஷம். இதுக்குப் போய் அறம், கடமைன்னு ஏன் இம்சை பண்ற?' எனக்கும் அந்த சந்தோஷம் வேண்டும். ஆனால் ஏக்கம் சந்தோஷத்தோடு நின்றுகொள்வதில்லை. அது சீக்கிரமே தீர்ப்பாக மாறிவிடும். 'இந்தக் காலத்துப் பசங்க', 'இப்ப எல்லாம் கெட்டுப்போச்சு' என்று பேச ஆரம்பிக்கும். ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் 'நாஸ்டால்ஜியாவின் எதிர்காலம்' என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய புத்தகத்தில் ஏக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். இழந்ததை மறுபடி அப்படியே கட்டி எழுப்ப நினைப்பது ஒன்று. திரும்பாது என்று தெரிந்து அதைச் சுற்றி யோசித்துக்கொண்டிருப்பது மற்றொன்று. முதல் வகைதான் அரசியலில் ஆபத்தானது என்பது அவர் வாதம். அது பொற்காலத்தைக் கட்டும்போது ஜன்னலையும் சேர்த்தே கட்டும். யார் உள்ளே உட்காருவது, யார் வெளியே நிற்பது என்பதும் அந்த வரைபடத்தில் இருக்கும்.

நாஸ்டால்ஜியா நன்றாக விற்கும் சரக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னைப் போல மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. எதைப் பார்த்து விரல் நிற்கிறதோ அதையே இன்னும் கொஞ்சம் காட்டு என்பதுதான் அந்த நிரல்களின் அடிப்படை. விரல் நம்முடையது, எனவே அது நம்முடைய குழந்தைப்பருவத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும். தாத்தாவின் குழந்தைப்பருவம் யாருடைய ஃபீடிலும் வராது. 1999 சேப்பாக்கம் ஆட்டத்தை இன்றைக்கும் யூடியூபில் பார்க்கிறேன். கைதட்டல் பதிவாகியிருக்கிறது. கூடத்தில் அதைக் கேட்டவர் சொன்னது பதிவாகவில்லை. அதை வைத்திருப்பது நான்தான், கொஞ்சம் கவனமாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

முதியவர்களின் ஏக்கத்துக்கு நம் மொழியில் மிகப் பழைய இடம் ஒன்று உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாட்டு. பாடியவரின் இயற்பெயர்கூடத் தெரியாது. பூண் போட்ட கைத்தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். சின்ன வயதில் மணலில் பாவை செய்து விளையாடியதை, பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதை, மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றவர்கள் வியக்க மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததைச் சொல்லி, அந்த இளமை எங்கே போச்சு என்று இருமலுக்கு நடுவே கேட்கிறார் அந்தக் கிழவர். வகுப்பில் இதை 'நிலையாமை' என்று நடத்தினார்கள். இப்போது படிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அந்தக் கிழவர் யாருக்காவது தாத்தாவாக இருந்திருப்பார். அவருடைய பேரன் கவிதை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான்? திண்ணை, கைத்தடி, இருமல், அன்பான ஒரு தாத்தா. குளத்துக்குள் பாய்ந்த அந்தப் பையன் அதில் இருந்திருக்க மாட்டான். நாம் எழுதும் தாத்தாக்கள் எல்லாரும் பிறக்கும்போதே கிழவர்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒருவரை நேசிக்க அவருடைய முழு வரலாறும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் நினைவில் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால் நமக்குத் தெரியாத ஒரு குளமும் ஒரு கிரவுண்டும் இருந்தன என்று ஒப்புக்கொண்டால் போதும். சேப்பாக்கத்தில் அன்று எழுந்து நின்றவர்களும் தங்கள் துக்கத்தை விட்டுவிடவில்லை. அழுதுகொண்டேதான் நின்றிருப்பார்கள். தங்கள் வருத்தத்தின் நடுவில் எதிரில் ஓடுகிறவனுக்கும் ஒரு நாள் இருக்கிறது என்று அவர்களுக்குப் பட்டது. ஏக்கத்திலும் அது முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

இறந்தவர்களிடம் இதற்குமேல் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் தாத்தா, பாட்டி என்ற வேலை காலியாக இருப்பதில்லை. இப்போது எங்கள் வீட்டில் அப்பா தாத்தாவாகிவிட்டார். சாயங்காலம் சோபாவின் ஒரு மூலையில் அவர் ஃபோன், மறு மூலையில் என் மகளின் கார்ட்டூன். இருபது வருஷம் கழித்து அவள் ஒரு பட்டியல் போடுவாள். அதன் கடைசி வரியில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாட்ஸ்அப் பார்க்கும் ஒரு தாத்தா இருப்பார்.

போன மாதம் அவரிடம், "அப்பா, நீங்க எதப்பா ரொம்ப மிஸ் பண்றீங்க?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "செகண்ட் ஷோ முடிஞ்சு நடந்து வர்றது" என்றார். தியேட்டரிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். தண்டவாளத்தை ஒட்டியே நடப்பார்களாம். பார்த்த படத்தை நாலு பேர் சேர்ந்து மறுபடி முழுசாகச் சொல்லி முடிக்கும்போது வீடு வந்துவிடுமாம். படம் சுமாராக இருந்தால் அவர்களே வேறு கிளைமாக்ஸ் வைத்துக்கொள்வார்களாம்.

மகள் கார்ட்டூனை நிறுத்திவிட்டு, "தாத்தா, செகண்ட் ஷோன்னா என்ன?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவரே சொல்லட்டும் என்று எழுந்து உள்ளே போனேன். சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.